வெள்ளிமலைக்கு ஒரு பிளக் பாயிண்ட்



பயணச் சிறப்பிதழ் வெளியாகும்போதெல்லாம் ஒரு கேள்வி கடிதங்களில் தவறாமல் வரும். பேட்டரி கார் ஊருக்குள் ஓட்டச் சரி, வெளியூர்ப் பயணத்துக்குத் தாங்குமா என்பதுதான் அது. இந்த முறை சின்னசேலம் பக்கத்து வாசகி ஒருவர் அதையே ஒரு வழித்தடத்தோடு கேட்டிருக்கிறார். மகன் சென்னையில் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறாராம். பொங்கலுக்கு மருமகள், பேரப்பிள்ளைகளோடு அதில்தான் வரப்போகிறாராம். வந்ததும் எல்லோருமாகக் கல்வராயன்மலைக்குப் போக வேண்டும், கரியாலூரில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று பேரன் இப்போதே அடம் பிடிக்கிறானாம். “வண்டி மலை ஏறுமா? மேலே போய் சார்ஜ் தீர்ந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது? கொஞ்சம் விசாரித்து எழுதுங்கள்” என்கிறார் அந்த அம்மா.

விசாரித்தேன். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள், ஒயர்மேன்கள், நெடுஞ்சாலை ஓட்டல்காரர்கள் என்று பலரிடம் பேசினேன். நண்பர் ஒருவரின் காரில் அதே வழியில் மலைக்குப் போயும் வந்தேன். அம்மா, வண்டி ஏறும். நன்றாகவே ஏறும். சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சமதளத்துக் கணக்கைப் பார்த்துவிடுவோம். விளம்பரங்களில் பேட்டரியின் அளவைக் கிலோவாட் அவர் என்று போடுகிறார்கள். மின்கட்டண அட்டையில் நாம் பார்த்துப் பழகிய யூனிட்தான் அது. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்சாரக் கார் வந்தபோது அதன் பேட்டரி 30 யூனிட். ஒருமுறை முழுக்கச் சார்ஜ் செய்தால் 312 கிலோமீட்டர் ஓடும் என்றது சோதனைச் சான்று. சாலையில் ஓட்டியவர்களுக்கு 200 கிலோமீட்டரை ஒட்டித்தான் கிடைத்தது. இன்று அதே நெக்ஸானில் 45 யூனிட் பேட்டரி வருகிறது. ஹூண்டாய் கிரெட்டாவில் 51 யூனிட், மஹிந்திராவின் பி.இ. 6-ல் 79 யூனிட் வரை கிடைக்கிறது. ஐந்தாறு ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது. வெளியூர் வர முடியாத வண்டி என்ற பெயர் முதல் தலைமுறைக் கார்களுக்கு ஒட்டியது. அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

நான்கு பேர், மூட்டை முடிச்சு, ஏ.சி., நெடுஞ்சாலை வேகம் எல்லாம் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சி ஏறத்தாழ 250 கிலோமீட்டர். செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் தாண்டி உளுந்தூர்ப்பேட்டையில் திருச்சி சாலையை விட்டுவிட்டுச் சேலம் சாலையில் திரும்பினால் எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், அப்புறம் கள்ளக்குறிச்சி. இதற்கு 37 அல்லது 38 யூனிட் ஆகும். 45 யூனிட் பேட்டரி உள்ள வண்டி கணக்குப்படி நிற்காமலே வந்துவிடும். ஆனாலும் ஏழு யூனிட்டை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு வருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வழியில் ஓர் இடத்தில் சார்ஜ் போட்டுவிட வேண்டும். பெரிய பேட்டரி என்றால் அதுவும் தேவைப்படாது.

எங்கே போடுவது? திருச்சி சாலையில் காலை டிபனுக்கு நாம் வழக்கமாக நிறுத்தும் பெரிய ஓட்டல்களின் வளாகங்களில் இப்போது வேகச் சார்ஜர்கள் வந்துகொண்டிருக்கின்றன. டாடா பவர், கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜியான் போன்ற நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஐம்பது, அறுபது கிலோவாட் சார்ஜராக இருந்தால் 20 யூனிட் ஏற அரை மணி நேரம் கூட ஆகாது. குழந்தைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய், கை கழுவ வைத்து, பொங்கலும் வடையும் சாப்பிட்டுக் காபி குடித்து எழுந்தால் அந்த நேரம் போய்விடும். எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றக் காத்திருப்பதுதான் வீண். அதற்குப் பிறகு பேட்டரி மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும், கடைசி இருபது சதவீதத்துக்கு முதல் அறுபதுக்கு ஆன நேரமே ஆகிவிடும். பின்னால் ஒரு வண்டி காத்திருந்தால் அவர்கள் பொறுமையையும் சோதிக்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று நம்மைப் பின்னுக்குத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 100-ல் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். பெட்ரோல் காரிலும் இது உண்மைதான். ஆனால் அங்கே அதைக் கணக்குப் பார்க்க யாரும் கற்றுத்தரவில்லை. டேங்க் காலியானால் அடுத்த பங்க் இருக்கிறது. மின்சாரக் காரில் திரையைப் பார்த்தபடி ஓட்டுவதால் மனிதர்கள் தாமாகவே வேகத்தைக் குறைக்கிறார்கள். சேலம் – உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் அப்படிக் குறைப்பது பேட்டரிக்கு மட்டும் நல்லதல்ல. நான்குவழிச் சாலையாக வந்தது ஊருக்கு ஊர் புறவழியில் திடீரென்று இருவழியாகக் குறுகி, வெகுகாலம் எத்தனையோ குடும்பங்களைக் குலைத்த சாலை அது.

பண்டிகை நாள் நெரிசலைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பெருங்களத்தூரிலும் பரனூர்ச் சுங்கச்சாவடியிலும் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டால் பேட்டரி தீர்ந்துவிடாதா? தீராது. நிற்கும் வண்டியில் மோட்டாருக்கு வேலை இல்லை. ஏ.சி.க்கு மணிக்கு ஒரு யூனிட்டோ கொஞ்சம் கூடவோ போகும், அவ்வளவுதான். ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டிக்குக் காற்றின் தடையும் கிடையாது. பொங்கல், தீபாவளி நாட்களில் உண்மையாகவே தொந்தரவு கொடுப்பது சார்ஜர் முன்னால் நிற்கும் வரிசை. ஓர் ஓட்டலில் இரண்டு முனைகள் இருக்கும், ஐந்து வண்டிகள் காத்திருக்கும். ஒன்று வேலை செய்யாது. இன்னொன்றின் முன்னால் யாரோ பெட்ரோல் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். அத்தனை நிறுவனங்களுக்கும் தனித்தனிச் செயலி, தனித்தனியே முன்பணம். இவற்றைச் சரிசெய்யப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. கவனித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் போதும். பெட்ரோல் பங்க்கில் சட்டை மாட்டிய பையன் ஒருவன் நின்று “ஜீரோ பாத்துக்குங்க சார்” என்கிறானே, அந்த மனிதத் துணை சார்ஜிங் நிலையங்களில் இல்லை. பாதி எரிச்சல் அதனால்தான் வருகிறது.

செலவும் ஒரே மாதிரி இல்லை. வீட்டில் இரவில் போட்டுக்கொள்ளும் மின்சாரம் மலிவு. சாலையோர வேகச் சார்ஜரிலோ 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து யூனிட் இருபது ரூபாயைத் தாண்டுவது உண்டு. அப்படியும் கிலோமீட்டருக்கு மூன்று, மூன்றரை ரூபாய்தான். பெட்ரோலில் ஆகும் செலவில் பாதி. ஆனால் வீட்டுக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்தால் ஏமாற்றமாக இருக்கும்.

இனி மலை.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன்மலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக ஏறினால் பெரியார் அருவி, கரியாலூர், வெள்ளிமலை. போகும் வழியில் மரவள்ளியும் சாமையும் விளையும் சரிவுகள். கடுக்காய்க்குப் பெயர்போன காடு. ஊட்டி, கொடைக்கானல் போல ஏழாயிரம் அடி உயரம் கிடையாது. இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் அடி வரையிலான மேட்டுநிலம்தான் பெரும்பகுதி. கள்ளக்குறிச்சியின் தரைமட்டத்திலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 700 மீட்டர் ஏற்றம்.

பயணிகளோடும் சாமான்களோடும் ஒரு காரின் எடை 1,700 கிலோ என்று கொள்வோம். அதை 700 மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் நிறையை உயரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கிச் சொல்லிவிடும்: மூன்றேகால் யூனிட். மோட்டாரிலும் சக்கரத்திலும் வீணாவதையும் சேர்த்தால் நான்கு யூனிட். வீட்டில் ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மதியம் மூன்று மணி நேரம் ஓடினால் ஆகிற கரண்ட் அவ்வளவுதான். கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்து நாம் பயப்படுகிற பயத்துக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. இதோடு சாலை தூரத்துக்கான செலவைக் கூட்டுங்கள். மலைப்பாதையில் முப்பது, நாற்பது வேகத்துக்கு மேல் போக முடியாது என்பதால் அது நெடுஞ்சாலையைவிடக் குறைவு. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏற மொத்தம் பத்து யூனிட் போதும்.

இறங்கும்போது நடப்பது இன்னும் அழகு. பெட்ரோல், டீசல் வண்டிக்காரர்கள் இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினைக் கதறவிட்டு இறங்குவார்கள், அப்படியும் அடிவாரம் வருவதற்குள் பிரேக் கருகும் வாடை வரும். ஏறும்போது எரித்த எரிபொருள் இறங்கும்போது பிரேக் சூடாகி வீணாகிறது. மின்சாரக் காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே டைனமோவாக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. மலை ஏறச் செலவிட்ட நான்கில் இரண்டு யூனிட் வரை இப்படித் திரும்பக் கிடைக்கும். நண்பரின் வண்டியில் கோமுகி அணை வரும் வரை பேட்டரி சதவீதம் குறையவே இல்லை. கடைசி வளைவுகளில் ஒன்றிரண்டு கூடியிருந்தது. பெரியார் அருவிக்குக் கீழே ஒரு லாரிக்காரர் சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியின் டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

ஒரே ஓர் எச்சரிக்கை. மலை உச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. நிறைந்த பேட்டரியால் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க முடியாது. அப்போது மோட்டாரின் பிடி குறைந்து, கால் பிரேக்கை நம்பி இறங்க வேண்டியிருக்கும். மேலே தங்கி இரவில் சார்ஜ் போட்டாலும் எண்பது, எண்பத்தைந்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆக, போகவும் வரவும் சேர்த்து 15 யூனிட். 45 யூனிட் வண்டியில் கள்ளக்குறிச்சியை விட்டுப் புறப்படும்போது அறுபது சதவீதம் இருந்தால் ஏறி, மேலே மேகம் அருவிக்குச் சுற்றி, இறங்கி வீட்டுக்கும் வந்துவிடலாம். சின்னசேலம் அம்மாவுக்கு என் பதில் இதுதான். மகன் வந்து சேர்ந்த இரவே வீட்டுப் பிளக்கில் வண்டியைப் போட்டுவிடச் சொல்லுங்கள். விடிந்ததும் கவலையில்லாமல் மலைக்குக் கிளம்புங்கள்.

அந்த வீட்டுப் பிளக்கில்தான் நான் முதலில் சொன்ன சிக்கல் இருக்கிறது.

கிரைண்டரும் ஹீட்டரும் மாட்டுகிறோமே, பெரிய பின் உள்ள 15 அல்லது 16 ஆம்பியர் பிளக், அதுவே காருக்கும் போதும். காரோடு கொடுக்கும் கையடக்கச் சார்ஜரை அதில் செருகினால் மணிக்கு இரண்டரை, மூன்று யூனிட் ஏறும். இரவு எட்டு மணிக்குப் போட்டுக் காலை ஆறு மணிக்கு எடுத்தால் 25 யூனிட்டுக்குக் குறையாது. அதாவது 170, 180 கிலோமீட்டர். தூங்கி எழும் நேரத்தில் இவ்வளவு கிடைக்கும் என்றால் வேகச் சார்ஜருக்கு அலைய வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சார்ஜருக்கு ஒரு நிபந்தனை உண்டு. எர்த் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு எரியும், ஒரு யூனிட் கூட ஏறாது. நம் ஊர் வீடுகளிலும் விடுதிகளிலும் பிளக்கின் மூன்றாவது துளை பல இடங்களில் வெறும் துளைதான். உள்ளே ஒயர் இருக்காது. இருந்தாலும் எங்கோ பாதியில் அறுந்திருக்கும். பிரிட்ஜும் டி.வி.யும் எர்த் இல்லாமலே ஓடிவிடுவதால் முப்பது வருடமாக யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கார் வந்து நின்ற பிறகுதான் அந்தக் குறை வெளியே தெரிகிறது.

நான் பேசிய ஒயர்மேன் ஒருவர் இதை அழகாக விளக்கினார். குழி தோண்டி, உப்பும் அடுப்புக்கரியும் மாறி மாறிப் போட்டு, குழாயை இறக்கி, செம்புக் கம்பியோ பட்டையோ கட்டி, கோடையில் வாரம் ஒருமுறை குடம் தண்ணீர் ஊற்றினால் எர்த் நிற்கும் என்றார். மலையில் பாறை தட்டினால் ஆழம் கிடைக்காது, இரண்டு குழி போட்டு இணைக்க வேண்டும். காருக்கென்று மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்து, தனி எம்.சி.பி.யும் கசிவு மின்சாரத்தை நிறுத்தும் கருவியும் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. பத்து மணி நேரம் விடாமல் 12, 13 ஆம்பியர் போனால் மலிவான பெட்டி உருகிவிடும். இத்தனைக்கும் சேர்த்து ஒரு விடுதிக்கு ஆகும் செலவு ஓர் அறைக்கு ஏ.சி. மாட்டுவதைவிடக் குறைவு என்றார் அவர். அறைக்கு ஒன்று கூடத் தேவையில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் கூரைக்கடியில் இரண்டு இருந்தால் போதும்.

இதற்கு உரிமம் வாங்க அலைய வேண்டியதும் இல்லை. வண்டிக்குச் சார்ஜ் போட்டுக் கொடுப்பது மின்சார விற்பனை ஆகாது, ஒரு சேவைதான், ஆகவே தனி உரிமம் வேண்டாம் என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. டீக்கடைக்காரர் முதல் திருமண மண்டபக்காரர் வரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். இது நம் சிற்றூர்களின் விடுதிக்காரர்கள் பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நெடுஞ்சாலையில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்று என்று சார்ஜர் வைக்க அரசு வழிகாட்டுதல் இருக்கிறது, நிறுவனங்களும் முதலீடு போடுகின்றன. நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு வரும் கடைசி ஐம்பது கிலோமீட்டருக்கு யாரும் இல்லை. கல்வராயன்மலை, கொல்லிமலை, ஜவ்வாதுமலை எல்லாமே அந்தக் கடைசி ஐம்பது கிலோமீட்டரில்தான் இருக்கின்றன.

எரிபொருள் கிடைக்காமல் திட்டமிட்டு வண்டி ஓட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது நம் பேருந்துகள் அடுப்புக்கரியில் ஓடின. மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் கரியை வாயுவாக்கும் கலங்களைத் தானே வடிவமைத்துச் செய்து கொடுத்தது. வண்டியின் பின்புறம் பீப்பாய் போல அது நிற்கும். புறப்படுவதற்கு முன்பே கரியை மூட்டி, காற்றாடியைச் சுற்றித் தயார்ப்படுத்த வேண்டும். பெட்ரோல் தரும் இழுவை அதில் கிடைக்காது. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வழியில் எந்த ஊரில் கரி கிடைக்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் ஓட்டுநர் வண்டியை எடுத்தார். அப்படியும் ஊருக்கு ஊர் மனிதர்கள் போய் வந்தார்கள், கல்யாணங்கள் நடந்தன, சந்தைகள் கூடின.

இப்போது வாசகர் சிலர் கேட்கக்கூடும்: சென்னையிலிருந்து இருபது லட்ச ரூபாய்க் காரில் வருகிறவர்களுக்கு மலையில் பிளக் வைப்பதுதான் இன்றைய அவசரமா? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கல்வராயன்மலையின் கதை தெரிந்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 1976-ல் அரசு கையகப்படுத்தும் வரை இந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டு கடந்த பிறகுதான் அரசின் கை இங்கே முழுதாக எட்டியது. சாலையும் மின்கம்பமும் பள்ளிக்கூடமும் பின்தங்கி வந்ததற்கு அதுவே வேர். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த துயரத்துக்குப் பிறகு, மலைமக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. வெளியூர்க்காரர்கள் இந்த மாவட்டத்தின் பெயரைத் துக்கச் செய்தியாக மட்டும் தெரிந்து வைத்திருப்பது எனக்கு வருத்தம். அங்கே போய்த் தங்கிச் சாப்பிட்டு, தேனும் கடுக்காயும் சாமையும் வாங்கி வருகிற குடும்பங்கள் பெருக வேண்டும்.

ஆனாலும் என் ஆசை சுற்றுலாக் கார்களோடு நிற்கவில்லை. இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி இனத்து மக்கள் மரவள்ளியை இறக்க, ரேஷன் ஏற்ற, பிரசவ வலி வந்த பெண்ணைக் கீழே கொண்டுபோக நம்பியிருப்பது பழைய ஜீப்புகளையும் சின்ன லோடு வண்டிகளையும்தான். ஏறும்போது டீசலைக் குடிக்கும் வண்டிகள் அவை. மேலேயிருந்து விளைச்சலை ஏற்றிக்கொண்டு இறங்கி, காலியாக ஏறுகிற ஒரு மின்சார லோடு வண்டியை நினைத்துப் பாருங்கள். கனத்தோடு இறங்குவதால் திரும்பக் கிடைக்கும் மின்சாரம் கூடும், காலியாக ஏறுவதால் செலவு குறையும். மின்சார வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைப்பது அரிது. வெள்ளிமலையில் பேருந்து நிற்கும் இடத்துக்கருகே நாலைந்து பிளக்குகளும் ஒரு நடுத்தர வேகச் சார்ஜரும் வந்தால் பகலில் அந்த ஊர் ஸ்கூட்டர்களுக்கும் லோடு வண்டிகளுக்கும், சனி ஞாயிறுகளில் வந்து போகும் கார்களுக்கும் ஒன்றாகவே பயன்படும். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர், இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கிறோம். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்தோம். இவ்வளவு தயாரிக்கும் மாநிலத்தில் மலையடிவாரத்தோடு பிளக் நின்றுவிடுவது சரியில்லை.

வைப்பவர்கள் மலையை அறிந்து வைக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். மேலே பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைப்பதில்லை. செயலி திறந்து, ஓ.டி.பி. வந்து, பணம் கட்டினால்தான் ஓடும் என்கிற சார்ஜர் அங்கே சும்மா நிற்கும். கார்டைத் தேய்த்தாலோ, பொறுப்பாளர் ஒருவர் சாவி போட்டாலோ ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை உள்ளூர் மகளிர் குழுவிடம் கொடுத்தால் வருமானமும் அங்கேயே நிற்கும். காற்றிலும் மழையிலும் மரம் சாய்ந்தால் மலையில் கரண்ட் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. லோ வோல்டேஜும் உண்டு. ஆகவே மேலே போகிறவர்கள் அங்கே கட்டாயம் சார்ஜ் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல், திரும்புவதற்கானதைக் கீழேயே ஏற்றிக்கொண்டு போவது நல்லது.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில. பல மின்சாரக் கார்களில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் அடைக்கும் பசையும் பம்பும்தான் கொடுக்கிறார்கள். மலைச்சாலைக் கல்லில் டயரின் பக்கவாட்டுக் கிழிந்தால் பசை உதவாது. வாங்கும்போதே கேட்டு ஒரு ஸ்டெப்னி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி வண்டியின் அடிவயிற்றில் இருப்பதால் மண்பாதைகளில் கல் தட்டாமல் ஓட்ட வேண்டும். ஒருவேளை வண்டி நின்றே போனால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, சக்கரம் தரையில் படாமல் ஏற்றிப்போகும் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். அதற்கான உதவி எண் மலைப்பகுதிக்கும் வருமா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

எல்லோருக்கும் இந்த வண்டி ஏற்றது என்று சொல்லவும் நான் தயாரில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் நிறுத்துமிடத்துக்குப் பிளக் இழுக்கச் சங்கம் விடவில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம், தினமும் வெளியே சார்ஜ் போட்டு வாழ முடியாது. சாவுச் செய்தி வந்ததும் இரவோடு இரவாகச் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஓட வேண்டிய குடும்பம், வீட்டில் ஒரே வண்டிதான் என்றால், பெரிய பேட்டரிக்கு வசதி இருந்தால் மட்டும் யோசிக்கலாம். புகையே இல்லாத வண்டி என்ற விளம்பரத்தையும் முழுதாக ஏற்க வேண்டாம். கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் நெய்வேலியின் புகைபோக்கிகள் தெரியும். நம் வீட்டு மின்சாரத்தில் அந்தப் பழுப்பு நிலக்கரியும் இருக்கிறது. ஆனால் முப்பந்தலின் காற்றும் கமுதியின் வெயிலும் அதே கம்பியில்தான் வருகின்றன. அவற்றின் பங்கு கூடக் கூட, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கார்களும் தாமாகத் தூய்மையாகும். பெட்ரோல் காருக்கு அந்த வழி கிடையாது.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். கல்வராயன்மலை, ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாதுமலை, மாஞ்சோலை என்று எந்த மலைக்குப் போனாலும் நீங்கள் தங்கிய இடத்தில் காருக்குப் பிளக் இருந்ததா, எர்த் வேலை செய்ததா, இரவுக்கு எவ்வளவு வாங்கினார்கள், எத்தனை மணி நேரம் கரண்ட் இருந்தது என்று ஓர் அஞ்சலட்டையிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி அனுப்புங்கள். விடுதிக்காரர்களும் எழுதலாம். பிளக் வைக்க எண்ணமிருந்து மின்வாரியத்தில் கூடுதல் லோடு கேட்பது எப்படி என்று தெரியாமல் இருந்தால், அதையும் கேளுங்கள். ஓய்வுபெற்ற மின்பொறியாளர் இருவர் நமக்காகப் பதில் சொல்ல முன்வந்திருக்கிறார்கள். வந்து சேரும் விவரங்களை மலை வாரியாகத் தொகுத்துக் கோடைச் சிறப்பிதழில் நான்கு பக்கப் பட்டியலாக வெளியிடுகிறோம். பிப்ரவரி கடைசிக்குள் எங்களுக்குக் கிடைக்கும்படி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்